ஆல்ட் பி: நாலு வருடப் பழக்கம்

விஎஸ் கோட் என்ற எடிட்டரில் எழுதும் எச்டிஎம்எல் பக்கத்தைப் (வெப் பக்கத்தைப்) பார்க்க, ஃபோல்டரைத் தேடிப் போய் டபுள் கிளிக் செய்துகொண்டிருந்த ஆள் நான். 'ஓப்பன் இன் பிரவுசர்' என்ற எக்ஸ்டென்ஷனை (எடிட்டரோடு சேர்க்கும் துணை நிரலை) போட்டு நாலு வருடம் ஆகிறது. ஆல்ட்டையும் பி-யையும் சேர்த்து அழுத்தினால் டீஃபால்ட் பிரவுசரில் பக்கம் திறக்கும். ஷிஃப்ட்டையும் சேர்த்துக்கொண்டால் எந்தப் பிரவுசர் என்று கேட்கும். குரோமில் ஒழுங்காக நிற்கும் டேபிள் ஃபயர்பாக்ஸில் எப்படி வருகிறது என்று பார்க்க இது போதும். ஒவ்வொரு முறையும் புது டேப் திறப்பதால், சாயங்காலம் பார்த்தால் ஒரே பக்கம் பத்துப் பன்னிரண்டு டேப்களில் கிடக்கும். அதுகூடப் பழகிவிட்டது.

பழகாதது வேறு. ஒருமுறை ஜாவாஸ்கிரிப்டைப் பல மாட்யூல்களாக, அதாவது ஒன்றையொன்று அழைக்கும் தனித்தனி ஃபைல்களாகப் பிரித்து எழுதினேன். ஆல்ட் பி அடித்தால் பக்கம் அழகாக வந்தது. நிறம், படம், எழுத்துரு எல்லாம் சரி. ஆனால் ஒரு பட்டனும் வேலை செய்யவில்லை. அரை நாள் என் கோடையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலைத் திறக்கத் தோன்றியது. அங்கே சிவப்பில் சிஓஆர்எஸ் பிழை: வேறு இடத்து ஃபைலைப் படிக்க அனுமதி இல்லை என்று பிரவுசர் தடுப்பது.

தப்பு எக்ஸ்டென்ஷன் மேல் இல்லை. ஃபைல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறதோ அந்தப் பாதையை அப்படியே பிரவுசரிடம் கொடுப்பதுதான் அதன் வேலை. நடுவில் சர்வர் எதுவும் கிடையாது. (சர்வரில் ஓட வேண்டிய பிஎச்பி ஃபைலை இதில் திறந்துவிட்டு 'ரன் ஆகவில்லையே' என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.) முகவரி 'எச்டிடிபி' என்று தொடங்காமல் 'ஃபைல்' என்று தொடங்கும். அப்படித் திறந்த பக்கம் பக்கத்து ஃபைலைப் படிக்கப் பிரவுசர் விடாது. விட்டால், டவுன்லோட் செய்த ஏதோ ஒரு பக்கம் அதே ஃபோல்டரில் இருக்கும் மற்றதையெல்லாம் படித்துவிடுமே. ஃபயர்பாக்ஸ் முன்பு ஒரே ஃபோல்டருக்குள் அனுமதித்தது. 2019-ல் 68-ஆம் பதிப்போடு அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள். படமும், அலங்காரத்துக்கான சிஎஸ்எஸ்ஸும் வழக்கம்போல வந்துவிடும், மாட்யூலும், கோட் வழியாக ஃபைலைப் படிக்கும் ஃபெட்சும் மட்டும் நின்றுவிடும். அதனால்தான் ஏமாந்துபோகிறோம். சாய்கோட்டில் தொடங்கும் பாதைகளும் புராஜெக்ட் ஃபோல்டரை விட்டுவிட்டு டிஸ்க்கின் வேருக்கே போய்விடும்.

அன்றிலிருந்து மாட்யூல் உள்ள வேலைக்கு 'லைவ் சர்வர்' என்ற இன்னொரு எக்ஸ்டென்ஷன்தான். என் கணினியிலேயே 5500-ஆம் போர்ட்டில் சின்ன சர்வர் ஒன்றை ஓடவிட்டு, சேவ் செய்ததும் பக்கத்தைத் தானே புதுப்பித்துவிடும். அதற்காகப் பக்கத்துக்குள் தன் ஸ்கிரிப்ட் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளும். விஎஸ் கோடில் தானாகவே சேவ் ஆகும் 'ஆட்டோ சேவ்' வசதியையும் போட்டு வைத்திருந்தால் கொஞ்சம் தொல்லைதான்: ஃபார்மில் நாலு கட்டம் நிரப்பிச் சோதித்துக்கொண்டிருக்கும்போது எடிட்டரில் ஒரு எழுத்தைத் திருத்தினால், நிரப்பியதெல்லாம் காலி.

அதனால் பழைய எக்ஸ்டென்ஷனை நீக்கிவிடவில்லை. எஸ்விஜி படம் பார்க்க, ஃபார்மைச் சோதிக்க, ஒற்றை ஃபைலாக இருக்கும் மெயில் டெம்ப்ளேட்டைப் பார்க்க இன்றும் அதுதான். வாடிக்கையாளருக்கு அனுப்பும் பில்லைக்கூட எச்டிஎம்எல்லில்தான் அடித்து வைத்திருக்கிறேன். ஆல்ட் பி, கன்ட்ரோல் பி, பிரிண்ட் கையில்.