லினக்ஸ் போடுவதற்கு முன்னா, பின்னா? கல்லூரி நெட்வொர்க்கில் பதிவு செய்யும் வழிகள்

நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, கல்லூரி லேபில் புது கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும் இந்தச் சிக்கலும் கூடவே வரும். கல்லூரியில் பதிவாகாத மெஷினை நெட்வொர்க் வெளியே இணையத்துக்கு விடாது. பதிவுப் பக்கத்தைத் திறக்க பிரவுசர் வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் இன்ஸ்டாலரில் பிரவுசரே கிடையாது. நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ (மீதியை நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளும் சிறிய நிறுவல் கோப்பு) போட்டு உட்கார்ந்தால், பேக்கேஜ் பட்டியலைக் கேட்ட இடத்தில் கல்லூரியின் லாகின் பக்கம்தான் வந்து நிற்கும். இன்ஸ்டாலர் அதைப் பார்த்து மிரர் (பேக்கேஜ்களைத் தரும் சர்வர்) சரியில்லை என்று சொல்லும். விவரம் தெரியாதவர் மிரரை மாற்றி மாற்றிப் பார்த்தே மதியச் சாப்பாட்டைத் தவறவிடுவார்.

மாணவரின் ஒற்றை லேப்டாப் என்றால் எனக்கு உபுண்டு லைவ்தான் (நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ்) பிடிக்கும். பென்டிரைவில் பூட் செய்து, ஃபயர்பாக்ஸ் திறந்து, லாகின் செய்து பதிவை முடித்துவிட்டு அப்படியே இன்ஸ்டாலைத் தொடங்கலாம். களியக்காவிளை தாண்டி கேரள அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். அங்கே பள்ளிக் கம்ப்யூட்டரில் ஓடுவதே உபுண்டு வழி வந்த சிஸ்டம்தான்.

டெபியனின் முழு டிவிடி ஐஎஸ்ஓவில் நெட் இல்லாமலே டெஸ்க்டாப் வரை ஏற்றிவிடலாம். பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் லைன் போய்ப்போய் வரும் இடங்களுக்கு இது தோதானது. ஆனால் பாதுகாப்பு அப்டேட்டுகள் பாக்கி நிற்கும், மறந்தும் போகும். போனின் யூஎஸ்பி டெதரிங் (போனின் நெட்டை வயர் வழியே கம்ப்யூட்டருக்குக் கொடுப்பது) அவசரத்துக்கு மட்டும். டேட்டாவும் கரையும், கல்லூரிப் பதிவும் அப்படியே மிச்சமிருக்கும்.

லேப் முழுக்க என்றால் கதை வேறு. அங்கே மேக் முகவரிகளை (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் உள்ள அடையாள எண்) முன்கூட்டியே எடுத்து நெட்வொர்க் அட்மினிடம் பட்டியலாகக் கொடுப்பதை எதுவும் மிஞ்சாது. எழுத்தும் எண்ணும் கலந்து பன்னிரண்டுதான். பல பிராண்ட் மெஷின்களில் பெட்டி லேபிளிலேயே இருக்கும்; இல்லாவிட்டால் நெட்வொர்க் பூட் கொடுத்தால் திரையில் தெரியும். அட்மின் அவற்றைப் பதிந்துவிட்டால், இன்ஸ்டாலர் தொடங்கும்போதே மெஷினுக்கு ஐபி கிடைத்து நெட் வந்துவிடும். பிரீசீட் கோப்பு (இன்ஸ்டாலர் கேட்கும் கேள்விகளுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த பதில்கள்) வைத்து எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிடலாம். வயருக்கு ஒரு முகவரி, வைஃபைக்கு இன்னொன்று என்பதால் இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். மதர்போர்டு மாற்றினால் வயர் முகவரியும் மாறும்.

பெரிய பொறி டாங்கிளில் (யூஎஸ்பியில் செருகும் லேன் போர்ட்) இருக்கிறது. லேன் போர்ட் இல்லாத மெல்லிய லேப்டாப்புகளுக்கு லேபில் ஒரே யூஎஸ்பி டாங்கிளைச் சுற்றில் விடுவார்கள். பெரும்பாலும் பதிவாவது டாங்கிளின் முகவரிதான், லேப்டாப்பினுடையது இல்லை. முதல் ஆளின் பெயரில் அது ஏறிவிடும். அடுத்தவர் பதிவே செய்யாமல் நெட்டுக்குள் போவார். டாங்கிளைக் கழற்றியதும் இருவருக்குமே நெட் இருக்காது. லைவில் வைஃபை வழியாகப் பதிவு செய்தால் இந்த வம்பு இல்லை.

பிரீசீட் முடிவில் ஒரு ஸ்கிரிப்ட் வைத்துப் பதிவுப் படிவத்தைத் தானாக அனுப்பவைப்பதும் உண்டு. கெட்டிக்காரத்தனமாகத் தெரியும், ஆனால் கல்லூரி பாஸ்வேர்டு அந்தக் கோப்பில் பச்சையாக இருக்கும், லேபில் யாரும் படிக்கலாம். நான் செய்யமாட்டேன்.

எடுரோம் (கல்வி நிறுவனங்கள் பலவற்றுக்கும் பொதுவான வைஃபை) உள்ள வளாகத்தில் மேக் பதிவுக்குப் பதில் பயனர் பெயர், பாஸ்வேர்டு. உபுண்டு லைவ் அதைச் சமாளிக்கும். டெபியன் இன்ஸ்டாலருக்கு வீட்டு வைஃபை மாதிரி ஒரே பொதுச் சாவி உள்ளதுதான் தெரியும். அதற்கு வயர் போட்டு நிறுவிவிட்டு, டெஸ்க்டாப் வந்தபின் எடுரோமில் சேர்த்துக்கொள்ளலாம்.