கிடாக்கொம்பா, ஹெடரா? செவ்ரோலே 350-க்கு எது பொருந்தும்

பழைய அமெரிக்கக் காரைப் புதுப்பிக்க இறங்கியவர்கள் எல்லோருக்கும் சீக்கிரமே வரும் கேள்வி இது. சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும், எஞ்சினோடு வந்த வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் குடைந்து தேய்த்து வைத்துக்கொள்வதா, அதைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சிலிண்டருக்கு ஒரு தனிக் குழாய் வைத்த ஹெடர் வாங்குவதா? பெரும்பாலோர் யோசிக்காமல் ஹெடருக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். என்னைக் கேட்டிருந்தால் அவர்களில் பாதிப் பேரையாவது தடுத்திருப்பேன்.

செவ்ரோலேயின் ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். 1955-இல் 265 கன அங்குலத்தில் பிறந்தது. 1967-இல் கமாரோ காரில் 350 ஆக வளர்ந்தது. இதற்குக் கம்பெனி கொடுத்த மேனிஃபோல்டுகள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. சில வெறும் கட்டை போன்றவை: நான்கு சிலிண்டரின் புகையும் ஒரே நீளப் பெட்டிக்குள் கொட்டி, ஒரு மூலையில் வெளியேறும். கார்வெட் காரில் வந்து பேர் வாங்கியது வேறு ரகம். முன்னும் பின்னும் உள்ள சிலிண்டர்களுக்கு வளைந்து இறங்கும் இரண்டு கைகள், நடுவில் கீழ்நோக்கிய வாய். பார்க்கக் கிடாவின் கொம்பு போலவே இருப்பதால் அமெரிக்கர்கள் ‘ராம்ஸ் ஹார்ன்’ என்று பெயர் வைத்தார்கள். இதிலும் 2 அங்குல வாய் உண்டு, 2½ அங்குல வாய் உண்டு. வாங்கினால் இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும்.

கட்டை ரகம் ஏன் மோசம் என்பது வெடிப்பு வரிசையைப் பார்த்தால் புரியும்: 1-8-4-3-6-5-7-2. இடப்பக்கத்தில் இருப்பவை 1, 3, 5, 7. இதில் ஐந்தும் ஏழும் அடுத்தடுத்து, கிராங்க் தண்டு வெறும் 90 பாகை திரும்பும் இடைவெளியில் வெடிக்கின்றன. ஐந்தாம் சிலிண்டரின் பிஸ்டன் புகையைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு ஏழு தன் வால்வைத் திறந்து முழு அழுத்தத்தோடு கொட்டுகிறது. பொதுப் பெட்டி என்றால் அந்த அழுத்தம் ஐந்தின் முகத்தில்தான் அறையும். கொம்பு ரகத்தில் ஏழின் புகை தன் கை வழியே சுற்றிவந்து நடுவில் சேர்கிறது. தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் அடி குறைகிறது. ஹெடரிலோ ஒவ்வொரு சிலிண்டருக்கும் 1⅝ அங்குலக் குழாய் தனித்தனியாக இரண்டரை, மூன்றடி போய்த்தான் 3 அங்குலக் கலெக்டரில் கூடுகிறது. காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை.

ஆனால் காகிதத்தில் சொல்லாத ஒன்று இருக்கிறது: வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட், சுருக்கமாகக் கேம். ஹெடரின் உண்மையான வித்தை புகைக்கு வழிவிடுவது மட்டும் அல்ல, இழுப்பதும்கூட. எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்குள் இன்டேக் வால்வு திறந்துவிடும் அந்தச் சிறு நேரத்தில், குழாயில் ஓடிய அலை திரும்பிவந்து மிச்சப் புகையை உறிஞ்சி, புதுக் கலவையையும் உள்ளே இழுக்கிறது. சாதுவான கம்பெனி கேமில் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரமே கொஞ்சம்தான். ஹெடர் எதை இழுக்கும்? கேம் வால்வை எத்தனை பாகைக்குத் திறந்து வைக்கிறது என்பதை 0.050 அங்குல எழும்பலில் அளப்பார்கள்; அது 215 பாகைக்குள் இருந்தால் நல்ல கொம்பு போதும், 225-ஐத் தாண்டினால் ஹெடர் இல்லாமல் அந்தக் கேமை வாங்கியதே வீண் என்பது என் கணக்கு. இடையில் இருப்பவர்கள் தங்கள் பொறுமையை வைத்து முடிவு செய்யலாம்.

எஞ்சினின் சக்தியை அளக்கும் டைனமோமீட்டர் அட்டவணைகளைக் காட்டி வாதாடுபவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பின்னால் சைலன்சர் இருந்ததா? திறந்த குழாயில் ஓட்டிப் பார்த்த எண்ணிக்கை, காருக்கு அடியில் ஒற்றைக் குழாயும் நசுங்கிய வளைவும் இருக்கும்போது வராது.

குடையும் வேலைக்கு வருவோம். கிரைண்டரில் கார்பைடு பர் என்னும் வெட்டுமுனையை மாட்டி வார்ப்பிரும்பைத் தின்பது அழுக்கான, சத்தமான, கையை மரத்துப்போகச் செய்யும் வேலை. கேஸ்கெட்டை வைத்துக் கோடு கிழித்துக்கொண்டு, வாசலில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பையும் வார்ப்பின் தையல் கோட்டையும் எடுத்தாலே பெரும்பயன் கிடைத்துவிடும். கை எட்டாத நடு வளைவில்தான் சிக்கல். அதற்கு, சாணைத்தூள் கலந்த களிம்பை அழுத்தத்தில் உள்ளே செலுத்தித் தேய்க்கும் ‘எக்ஸ்ட்ரூட் ஹோன்’ முறை உண்டு. அதன் கூலி சில வேளை ஹெடரின் விலையையே தாண்டும். கம்பெனி மேனிஃபோல்டுதான் இருக்க வேண்டும் என்று விதி போடும் பந்தயப் பிரிவுகளில் ஓடுபவர்களுக்கு அது நியாயம், தெருவில் ஓட்டுபவருக்கு ஆடம்பரம். அதைவிட முதலில், குளிர்ந்த எஞ்சினைச் சீக்கிரம் சூடேற்றப் புகையை மறிக்கும், வலப்பக்க வாயில் இருக்கும் மடல் துருப்பிடித்து மூடிக் கிடக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் பாதி வழியை அடைத்துக்கொண்டிருப்பது அதுதான்.

ஹெடரின் தொல்லைகளை நண்பர் ஒருவரின் 1970 செவ்ரோலே நோவா காரில் கண்ணால் பார்த்தேன். மலிவான, கறுப்புப் பெயின்ட் அடித்த வகை. மாட்டவே ஒரு சனிக்கிழமை போயிற்று. ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு குழாயைச் சுத்தியலால் ஒடுக்க வேண்டியிருந்தது. ஏழாம் பிளக்கைக் கழற்றக் காரின் அடியில் படுக்க வேண்டும். கொம்பின் மேல் உட்கார்ந்திருந்த ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டுக்கு இடமே இல்லாமல் போய், புதிது வாங்க நேர்ந்தது. முதல் நெடும்பயணத்துக்குப் பின் போல்ட்கள் தளர்ந்து டிக் டிக் என்று கசியத் தொடங்கியது. சூடேறி ஆறிய பிறகு மறுபடி முறுக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. பெட்ரோல் போட நிறுத்தினால், வலப்பக்கக் குழாயின் சூட்டில் வெந்த ஸ்டார்ட்டர் பத்து நிமிடம் அசையாது.

ஹெடரின் விளிம்புத் தகடு ⅜ அங்குலத் தடிமனாகவும், உள்ளும் புறமும் செராமிக் பூச்சோடும் வாங்கினால் இவற்றில் பாதி குறையும், விலை ஏறும். துணிப்பட்டி சுற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு சாதா எஃகுக் குழாயை அரித்துவிடும். கலிபோர்னியாவில் 1975 வரையிலான கார்களுக்குப் புகைச் சோதனை இல்லை. 1976 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் அந்த மாநில அனுமதி எண் உள்ள ஹெடராகப் பார்த்து வாங்க வேண்டும்.

நண்பரின் எஞ்சினில் இருந்தது கம்பெனி கேம். இரண்டாவது கோடையில் ஹெடரைக் கழற்றி, வாசல் மட்டும் தேய்த்த 2½ அங்குலக் கொம்புகளை மாட்டினார். மிச்சப் பணத்தில் இரட்டைக் குழாயும் நடுவில் ஒரு குறுக்கிணைப்பும் போட்டார். வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்கிறார். பரணில் கிடந்த பழைய பிராக்கெட் மறுபடி தன் இடத்துக்கு வந்துவிட்டது.