முழு வட்டா, முகப்பு அடைவு மட்டுமா? வீட்டுக் கணினியில் லினக்ஸ் மறையாக்கம்

பழுதுபார்க்கக் கொடுத்த என் கணினியின் வன்தட்டைக் கடைக்காரர் கழற்றி, தம் மேசையிலிருந்த வேறொரு கணினியில் மாட்டினார். உள்நுழைவுக் கடவுச்சொல்லை அவர் கேட்கவே இல்லை. ஆனாலும் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு அறிக்கைகளும் இருந்த அடைவு அவர் திரையில் அப்படியே திறந்தது. உள்நுழைவுக் கடவுச்சொல் காப்பது இயங்கும் கணினியின் வாசலை மட்டுமே என்பதை அன்று கண்ணால் கண்டேன். அதன்பின் லினக்ஸ் தரும் மறையாக்க வழிகளை, அதாவது திறவுகோல் இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவை மாற்றி எழுதும் வழிகளை, நிறுவிப் பார்த்து, வீட்டுக் கணினிக்கு முழு வட்டையும் லக்ஸ் (LUKS) என்ற வட்டு மறையாக்க முறையில் பூட்டுவதே ஏற்றது என்ற முடிவுக்கு வந்தேன். எல்லா வகையிலும் அது மற்றவற்றை விஞ்சிவிடுகிறது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

ஒவ்வொரு பயனரின் சொந்தக் கோப்புகளும் இருக்கும் முகப்பு அடைவை மட்டும் மறைக்கும் வழியை முதலில் பார்ப்போம். உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் நிறுவல் மென்பொருள் பல ஆண்டுகள் ஈகிரிப்ட்எஃப்எஸ் (eCryptfs) என்ற மறையாக்க மென்பொருள் மூலம் இதைச் செய்து தந்தது. 2018இல் வந்த 18.04 பதிப்பில் அந்தத் தேர்வு நீக்கப்பட்டது. உள்நுழையும் கடவுச்சொல்லே கோப்புகளையும் திறந்துவிடுவதால் கூடுதலாக எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. அண்ணனும் தங்கையும் ஒரே கணினியைப் பயன்படுத்தும் வீட்டில், ஒருவர் வேலை செய்யும்போது மற்றவரின் கோப்புகள் பூட்டியே இருக்கும் என்பது இதன் உண்மையான சிறப்பு.

ஆனால் தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஈகிரிப்ட்எஃப்எஸ் ஒரு தனித் தொல்லை. பெயரையும் மறைத்து எழுதுவதால் அது நீண்டுவிட, லினக்ஸ் வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் எக்ஸ்ட்4 (ext4) கோப்பு முறைமை அனுமதிக்கும் 255 பைட்டில் 143 மட்டுமே நமக்குக் கிடைக்கிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழிலோ ‘க’வுக்கு 3 பைட், அதன்மேல் வரும் புள்ளிக்கோ கொம்புக்கோ இன்னும் 3 பைட் ஆகும். ‘திருமணப் புகைப்படங்கள்’ என்ற பெயரே 64 பைட் பிடிக்கிறது. ஊரும் நாளும் மணமக்கள் பெயரும் சேர்ந்தால் கோப்பைச் சேமிக்கவே முடியாமல் போகலாம். 2015இல் எக்ஸ்ட்4க்குள்ளேயே வந்துசேர்ந்த மறையாக்க வசதியில் இந்த நெருக்கடி இல்லை. எனினும் கோப்பின் அளவும் மாற்றிய நேரமும் வெளியே தெரியும்.

இவ்விரண்டுக்கும் பொதுவான குறைதான் என்னை மாற்றியது. நாம் தொடும் தரவு முகப்பு அடைவுக்குள் மட்டும் தங்குவதில்லை. ஓர் ஆவணத்தை அச்சிட்டால் அதன் நகல் அச்சு வரிசைக்காக முகப்புக்கு வெளியே உள்ள ‘வார்’ (/var) அடைவுக்குச் செல்கிறது. நினைவகம் நிறைந்தால் திறந்திருக்கும் கடிதத்தின் பகுதிகள் வட்டில் அதற்கென ஒதுக்கிய இடமாற்றுப் பகுதியில் (swap) எழுதப்படுகின்றன. இவற்றை ஒவ்வொன்றாகத் தேடி அடைப்பதைவிட மொத்தத்தையும் அடைத்துவிடுவது எளிது.

டெபியன் என்ற மற்றொரு லினக்ஸ் வகையின் நிறுவல் மென்பொருளில் மறையாக்கப்பட்ட எல்விஎம் (வட்டைப் பகுதிகளாகப் பிரித்து ஆளும் LVM முறை) என்பதைத் தேர்ந்தெடுத்தால், தொடக்கக் கோப்புகள் இருக்கும் ‘பூட்’ பகுதி தவிர மற்ற அனைத்தும், இடமாற்றுப் பகுதி உட்பட, லக்ஸுக்குள் போய்விடுகின்றன. அதற்கு முன் வட்டு முழுவதும் ஒழுங்கற்ற தரவு எழுதப்படும். நொடிக்கு 100 எம்பி எழுதும் 1 டிபி வன்தட்டில் இதற்கு மட்டும் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். செயலியில் ஏஇஎஸ் (AES) என்ற மறையாக்கக் கணக்குக்கென்று தனிக் கட்டளைகள் இருந்தால் அன்றாட வேலையில் வேகக் குறைவு தெரியாது. மிகப் பழைய கணினியில் லக்ஸை அமைக்கும் கருவியான கிரிப்ட்செட்டப்பின் (cryptsetup) வேகச் சோதனையை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. லக்ஸின் இரண்டாம் பதிப்பான லக்ஸ்2இல், கடவுச்சொல்லுக்கு ஒன்றாக, 32 திறவு இடங்கள் வரை வைக்கலாம் என்பதால் வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் கொடுக்கலாம். ஆனால் எது திறந்தாலும் முழு வட்டும் திறக்கும். கணினி தொடங்கும் அந்தக் கட்டத்தில் தமிழ் உள்ளீட்டு முறை எதுவும் ஏறியிருக்காது என்பதால் கடவுச்சொல்லை ஆங்கில எழுத்துகளிலேயே அமைக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்யச் சலிப்பவர்களுக்குத் திறவுகோலைக் காத்துவைக்கும் டிபிஎம் (TPM) சில்லு இருக்கிறது. லினக்ஸைத் தொடக்கி இயக்கும் சிஸ்டம்டி (systemd) மென்பொருளின் 248 பதிப்பு முதல் அதில் திறவுகோலைப் பதிவது எளிதாகிவிட்டது. மின்வெட்டுக்குப் பின் கணினி தானாக எழுந்து உள்நுழைவுத் திரைக்கு வந்துவிடும். கழற்றப்பட்ட வட்டுக்கு அது காவல். கணினியையே தூக்கிச் செல்பவரிடம் வட்டும் தானாகத் திறந்துகொள்ளும். பின் (PIN) எண்ணையும் சேர்த்துக் கேட்கும்படி அமைக்காமல் இவ்வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முழு வட்டு மறையாக்கத்தின் பெரிய ஆபத்து வட்டின் மறையாக்கப்பட்ட பிரிவின் தொடக்கத்தில் இருக்கும் தலைப்புப் பகுதியில் உள்ளது. லக்ஸ்2இல் வழக்கமாக 16 எம்பி ஒதுக்கப்படும் அந்த இடத்தில் திறவு இடங்கள் அழிந்தால், சரியான கடவுச்சொல் கையிலிருந்தும் ஒரு கோப்பும் மீளாது. ஆகவே நிறுவிய அன்றே கிரிப்ட்செட்டப் கொண்டு தலைப்பின் நகலை ஒரு பென் டிரைவில் எடுத்து, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிட வேண்டும். கடவுச்சொல்லை மாற்றினால் அந்த நகலை அழித்துப் புதிதாக எடுப்பதும் அவசியம். ஏனெனில் பழைய நகல் யார் கையிலாவது இருந்தால், பழைய கடவுச்சொல்லே அந்த வட்டைத் திறந்துவிடும்.