மெரியம்-வெப்ஸ்டர் ஆன்லைன் டிக்‌ஷனரி: ‘இம்பர்சனல்’ பக்கத்தை வச்சு ஒரு ரிவ்யூ

என்கிட்ட இருக்கிற பாக்கெட் டிக்‌ஷனரில இம்பர்சனல்னு தேடினா ‘ஆள் சாராத’ன்னு ஒத்த வார்த்தை, அவ்ளோதான். கிராமர் சொல்லிக் குடுக்குறவங்களுக்கு இது எங்க பத்தும்? நான் மெரியம்-வெப்ஸ்டர் சைட்டத்தான் யூஸ் பண்றேன், ஃப்ரீதான், உச்சரிப்பும் கேட்டுக்கலாம்.

அங்க முதல் அர்த்தமே இலக்கண அர்த்தம். செய்றது யாருன்னு சொல்லாத வினை, ‘இட் ரெயின்ட்’ மாதிரி. இதுல இட் எதையும் குறிக்கல, எழுவாய் இல்லாம இங்கிலீஷ் வாக்கியம் நிக்காதுன்னு சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கு, ‘வாட் ரெயின்ட்?’னு கேட்டா அந்த இட்டைப் பதிலா சொல்ல முடியாது பாருங்க. ஸ்பானிஷ்ல வினைய மட்டும் சொன்னா முடிஞ்சுது, தமிழ்ல மழையே எழுவாயா வந்து பெஞ்சிட்டுப் போயிடும். நாம அடிக்கடி கேக்குற அர்த்தம், அதாவது பேங்க் லெட்டர் மாதிரி ஒட்டாம இருக்கிறது, அதுக்கு அப்புறம்தான் வருது. காரணம், எந்த அர்த்தம் முதல்ல வழக்கத்துக்கு வந்துச்சோ அதைத்தான் இந்த டிக்‌ஷனரி முதல்ல போடும். இது தெரியாம முதல் அர்த்தத்தையே தூக்கி கட்டுரைல எழுதிடுற பசங்க நிறைய, முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.

எனக்கு ரொம்பப் புடிச்சது அங்க உதாரணமா குடுத்திருக்கிற ‘மீதிங்க்ஸ்’ங்கிற பழைய காலத்து இங்கிலீஷ் வார்த்தை. ‘நான் நினைக்கிறேன்’னு மேலோட்டமா சொல்லிட்டுப் போயிடுவோம், ஆனா அதுல இருக்கிற திங்க் இப்ப நாம சொல்ற திங்க் இல்ல, தோணுறதுக்குன்னு தனியா இருந்த ஒரு பழைய வினை, மீ-ன்னா ‘எனக்கு’. அப்படியே நம்ம ‘எனக்குத் தோணுது’! எனக்கு, உனக்கு, அவங்களுக்கு, யாருக்குப் பசிச்சாலும் ‘பசிக்குது’தான், வினை ஆளைப் பாத்து மாறவே மாறாது. ‘மீதிங்க்ஸ்’, ‘எனக்குத் தோணுது’ ரெண்டையும் போர்டுல பக்கத்துல பக்கத்துல எழுதுங்க, இம்பர்சனல் வெர்ப்னு அரை மணி நேரம் பேசுறத விட டக்குனு பதியும்.

விளக்கம் எல்லாம் இங்கிலீஷ்லயே இருக்கு, அதுவும் ரொம்ப சுருக்கமா, அதனால புதுசா கத்துக்குறவங்க தனியா படிச்சா தடுமாறுவாங்க, பக்கத்துல சொல்லித் தர ஒருத்தர் வேணும். அதுக்கு மட்டும் ஒண்ணு குறைச்சு அஞ்சுக்கு நாலு ஸ்டார். டியூஷன் எடுக்குறவங்க கண்டிப்பா புக்மார்க் பண்ணி வச்சுக்கங்க.