நடந்ததா, கற்பனையா என்று கேட்கும் கதைச் செயலி: ஒரு மதிப்புரை

5 முதல் 8 வயது வரையிலான குழந்தைகளுக்கென வந்துள்ள இந்த ஒலிக்கதைச் செயலியில் மாயாஜாலக் கதைகள், பல சமயங்களின் புனிதக் கதைகள், வரலாற்று மனிதர்களின் வாழ்க்கை ஆகிய மூன்றும் ஒரே வரிசையில் கலந்து கிடைக்கின்றன. கதை சொல்பவர்களின் உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது; பின்னணி இசை குரலை அமுக்குவதில்லை; விளம்பரத் தொல்லையும் இல்லை. கதை முடிந்ததும் "இது நடந்ததா, கற்பனையா?" என்று கேட்டு, இரண்டு பொத்தான்களில் ஒன்றை அழுத்தச் சொல்லும் பகுதியில்தான் சிக்கல் தொடங்குகிறது.

ஆறு வயதாகும் என் மகள் பறக்கும் குதிரையைத் தயங்காமல் கற்பனை என்றாள். கடல் இரண்டாகப் பிளந்து வழிவிட்ட கதைக்கு, "சாமி நினைத்தால் முடியுமே" என்று சொல்லிக்கொண்டே "நடந்தது" என்பதை அழுத்தினாள். திரையில் சிவப்புப் பெருக்கல் குறி தோன்றி மறைய, அடுத்த கதை தானாகவே ஓடத் தொடங்கிவிட்டது. அவள் காரணத்தோடு சொன்ன பதிலைத் தவறான விடையாக மட்டுமே செயலி எடுத்துக்கொண்டது.

கேத்லீன் கொரிவோ, ஈவா சென், பால் ஹாரிஸ் ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 5, 6 வயதுக் குழந்தைகளிடம் கதை மாந்தர்கள் உண்மையானவர்களா என்று கேட்கப்பட்டது. அன்றாட நிகழ்ச்சிகளைக் கொண்ட கதைகளில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒத்துப்போனார்கள். சமயக் கதைகளின் மாந்தரை, வீட்டிலோ பள்ளியிலோ சமயப் பழக்கம் உள்ள குழந்தைகள் உண்மையானவர் என்றார்கள். மற்றவர்கள் கற்பனை என்றார்கள். மாயக் கதை மாந்தரையும் கற்பனை என்று ஒதுக்கச் சமயச் சூழலில் வளர்ந்தவர்கள் கூடுதலாகத் தயங்கினார்கள். இதைக் குழப்பம் என்று சொல்லிவிடுவது அவசர முடிவு என்பேன். எவை நடக்கக்கூடியவை என்று பெரியவர்கள் சொல்லித் தந்தார்களோ, அதை வைத்துத்தான் குழந்தை கணக்குப் போடுகிறது. (கிருமியையும் அது கண்ணால் கண்டதில்லை; பெரியவர்கள் சொல்லித்தான் நம்புகிறது.)

உண்மையில் வாழ்ந்த ஒரு ஞானியின் வரலாற்றோடு அற்புதங்களும் சேர்ந்து வரும்போது இந்த இரண்டு பொத்தான்கள் முற்றிலும் பயனற்றுப் போகின்றன. நம்பிக்கையுள்ள பெற்றோருக்குச் செயலியின் சிவப்புக் குறி, வீட்டில் சொல்லித் தந்ததை மறுப்பதாகப் படும்; நம்பிக்கையற்றவர்களுக்கோ, "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேட்கக் கிடைத்த வாய்ப்பு பறிபோகும்.

பெற்றோருக்கான அமைப்புகளுக்குள் போனால் இந்தக் கேள்விப் பகுதியை அணைத்துவைக்கலாம். அணைத்துவிட்டுக் கதைகளுக்காக மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் தாராளமாகச் சந்தா கட்டலாம்; குழந்தையைத் தனியே கேட்கவிட நினைப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.