ஆர்ஓ பிளான்ட்டுக்கு ஃப்ளோ சென்சார்: எங்கே காசு போடலாம், எங்கே வேண்டாம்

மணிக்கு 500 லிட்டர், 1000 லிட்டர் எடுக்கிற ஆர்ஓ பிளான்ட் போடுகிறவர்கள் உப்பை வடிகட்டுகிற மெம்பரேனுக்கும் பம்புக்கும் கம்பெனி பார்த்து, நாலு இடத்தில் விலை விசாரித்து வாங்குகிறார்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று அளக்கிற ஃப்ளோ சென்சார் என்று வந்தால் மட்டும் "ஏதாவது ஒன்றைப் போட்டு விடுங்க" என்று முடித்துக்கொள்கிறார்கள். கன்ட்ரோல் பேனல் செய்கிறவரும் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கைக்குக் கிடைத்ததை வாங்கி மாட்டி விடுகிறார். ஹோட்டல், ஹாஸ்டல், கேன் வாட்டர் என்று விதவிதமான பிளான்ட்டுகளில் விதவிதமான சென்சார்களோடு மல்லுக்கட்டியதில் எனக்குத் தேறிய அபிப்பிராயத்தை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மெம்பரேன் கம்பெனிகள் பொதுவாகச் சொல்வது, வெப்பநிலை, பிரஷர் எல்லாம் சரிக்கட்டிப் பார்த்த பிறகும் புராடக்ட் தண்ணீர் (சுத்தமாகி வெளியே வருவது) 10 சதவீதம் குறைந்திருந்தால் கெமிக்கல் போட்டுக் கழுவுங்கள் என்பதுதான். 1000 லிட்டர் பிளான்ட்டில் இது நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வந்துகொண்டிருந்தது 15 லிட்டராக இறங்குவது. அந்த ஒன்றேமுக்கால் லிட்டர் வித்தியாசம் உங்கள் சென்சாருக்குத் தெரிய வேண்டும். தெரியாத சென்சாரை மாட்டி டிஸ்பிளேயில் பச்சை எழுத்தில் நம்பர் ஓடவிடுவது அலங்காரத்துக்குத்தான் ஆகும்.

சரி, எல்லோரும் வாங்குகிற ஒய்எஃப்-எஸ்201-ஐ எடுத்துக்கொள்வோம். அரை இஞ்ச், கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே காந்தம் வைத்த குட்டிச் சக்கரம், வெளியே அந்தக் காந்தத்தை உணர்கிற ஹால் சென்சார், சிவப்பு கறுப்பு மஞ்சள் என்று மூன்று ஒயர். சில நூறு ரூபாய்தான். நிமிடத்துக்கு 1 முதல் 30 லிட்டர் வரை, லிட்டருக்குச் சுமார் 450 பல்ஸ் (மின் துடிப்பு). விலைக்கு அருமையான சாமான், இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இதற்குப் போட்டிருக்கிற துல்லியம் பெரும்பாலும் 10 சதவீதம் கூடவோ குறையவோ. நீங்கள் பிடிக்க வேண்டிய மாற்றமும் 10 சதவீதம். "தப்பாகவே காட்டினாலும் தினமும் ஒரே மாதிரி தப்பாகக் காட்டினால் போதாதா" என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். புதிதாக இருக்கும்வரை போதும். சிக்கல் என்னவென்றால், சக்கரத்தின் அச்சு தேயத் தேய, அதில் அழுக்கு சேரச் சேர, ரீடிங் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மெம்பரேன் அடைத்தாலும் ரீடிங் அப்படியேதான் இறங்கும். சக்கரம் இறுகிப் போன சென்சாரைப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிற மெம்பரேனுக்கு ஆசிட் வாஷ் கொடுக்கிற கூத்தெல்லாம் இதனால்தான் நடக்கிறது.

அந்தச் சக்கரத்தை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். போர் தண்ணீரில் ஓடியது என்றால் காந்தம் இருக்கிற இடத்தைச் சுற்றி மீசை மாதிரி கறுப்பாகத் துரு ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய ஜிஐ பைப்பிலிருந்தும் பம்பிலிருந்தும் உதிர்கிற துருத்தூளைக் காந்தம் இழுத்து வைத்துக்கொள்கிறது. விரலால் வழித்தால் மை போல ஒட்டும். அதனால் ஃபீட் லைனில், அதாவது பிளான்ட்டுக்குள் தண்ணீர் வருகிற பைப்பில், இதை மாட்டியே தீருவேன் என்றால், 5 மைக்ரான் கேட்ரிட்ஜ் ஃபில்டருக்குப் பிறகு மாட்டுங்கள், சாண்ட் ஃபில்டர் வாசலில் வேண்டாம். அப்புறம், 1000 லிட்டர் பிளான்ட் பாதிக்குப் பாதி ரெக்கவரியில், அதாவது உள்ளே போகிற தண்ணீரில் பாதி மட்டும் புராடக்டாக வரும்படி, ஓடினால் ஃபீட் மணிக்கு 2000 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 33 லிட்டர். இந்த சென்சாரின் எல்லையே 30 என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். ஹை பிரஷர் பம்புக்கும் மெம்பரேனுக்கும் நடுவே மாட்டுவதை நினைத்தும் பார்க்காதீர்கள். பெட்டியில் 17.5 பார் தாங்கும் என்று போட்டிருந்தாலும் அந்தப் பிளாஸ்டிக் திருகில் எனக்கு நம்பிக்கை இல்லை.

"பிளாஸ்டிக் வேண்டாம், பித்தளை போடுகிறேன்" என்பார்கள் சிலர். ஃபீடில் போடுங்கள், புராடக்ட் லைனில் வேண்டாம். கரைந்த கார்பன் டை ஆக்சைடு மெம்பரேனைத் தாண்டி வந்துவிடும், பைகார்பனேட் பெரும்பாலும் வராது, அதனால் ஆர்ஓ தண்ணீரின் பிஎச் இறங்கிக் கொஞ்சம் அமிலப் பக்கமாக இருக்கும். உப்பும் குறைவு. அந்தத் தண்ணீர் பித்தளையை மெல்ல அரிக்கும், அரித்தது குடிக்கிறவர் வயிற்றுக்குப் போகும். அங்கே குடிநீருக்கு ஏற்றது என்று சான்று உள்ள பிளாஸ்டிக் அல்லது எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தான் சரி. ரிஜெக்ட் பக்கம், அதாவது உப்புக் கழிவுநீர் போகிற பைப்பில், குளோரைடு அதிகம் என்பதால் எஸ்எஸ் என்றால் 316 கிரேடு கேளுங்கள், 304 போதாது.

என்னைக் கேட்டால் காசைப் போட வேண்டிய ஒரே இடம் புராடக்ட் லைன். அங்கே எனக்குப் பிடித்தது மேக்னடிக் வகை, உள்ளே சுற்றுகிற பாகமே கிடையாது. சின்ன பிளான்ட்டுகளுக்கு ஐஎஃப்எம் கம்பெனியின் எஸ்எம்6000 கச்சிதம்: நிமிடத்துக்கு 0.1 முதல் 25 லிட்டர், துல்லியம் ஏறக்குறைய 2 சதவீதத்துப் பக்கம், அதோடு தண்ணீரின் வெப்பநிலையையும் தருகிறது. இந்த வெப்பநிலை சும்மா இலவச இணைப்பு இல்லை. தண்ணீர் ஒரு டிகிரி சூடானால் மெம்பரேனிலிருந்து வருவது சுமார் 3 சதவீதம் கூடும். மொட்டைமாடி டேங்க்கிலிருந்து ஃபீட் எடுக்கிற பிளான்ட்டில் காலைக்கும் மதியத்துக்கும் 5 டிகிரி வித்தியாசம் வந்தாலே 15 சதவீதம் ஆடும். வெப்பநிலை தெரியாமல் ஃப்ளோவை மட்டும் பார்க்கிறவர், ஏப்ரல் மாதம் மெம்பரேன் திடீரென்று இளமையாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். விலை? சில பத்தாயிரங்கள் ஆகும். 250 லிட்டர் பிளான்ட் வைத்திருக்கிற டீக்கடைக்காரரிடம் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் டயாலிசிஸ் யூனிட்டுக்கோ பெரிய ஹோட்டலுக்கோ தயங்காமல் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: மேக்னடிக் வகைக்குத் தண்ணீரில் கொஞ்சமாவது உப்பு இருக்க வேண்டும். எஸ்எம்6000-க்குக் குறைந்தது 20 மைக்ரோ சீமென்ஸ் மின்கடத்தும் திறன் கேட்கிறார்கள். 50 டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) தண்ணீர் சுமார் 100 மைக்ரோ சீமென்ஸ் இருக்கும், பிரச்சினை இல்லை. மெம்பரேனில் இரண்டாம் முறை வடிகட்டிய இரண்டாவது பாஸ் தண்ணீர், உப்பை முழுக்க நீக்கிய டிஎம் தண்ணீர் என்றால் ஒழுங்காகக் காட்டாது. டயாலிசிஸில் இரண்டு பாஸ் இருந்தால் முதல் பாஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

2 இஞ்ச் பைப் போகிற பெரிய பிளான்ட்டுகளில் ஜிஎஃப் சிக்னெட் மாதிரி பேடில் வீல் (சக்கரம் சுற்றுகிற வகை) சென்சார் பார்க்கலாம், தேய்ந்தால் சக்கரத்தையும் அச்சையும் மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. ஆனால் சென்சாருக்கு முன்னால் பைப் விட்டத்தைப் போலக் குறைந்தது பத்து மடங்கு நீளம் நேராக இருக்க வேண்டும், பின்னால் ஐந்து மடங்கு. 2 இஞ்சுக்கு முன்னால் மட்டும் அரை மீட்டர். நம் ஊர் ஸ்கிட்டுகளில் (பிளான்ட்டை மாட்டுகிற இரும்புச் சட்டம்) எல்போ இல்லாமல் அரை மீட்டர் பைப் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். வெளியே கவ்வுகிற அல்ட்ராசானிக், டியூஎஃப்-2000 வகை, சர்வீஸ்காரர் பையில் வைத்துக்கொண்டு மற்ற மீட்டர்களைச் சோதிக்க நல்லது. நிரந்தரமாக மாட்டினால் பைப்பில் தடவிய ஜெல் வெயிலில் காய்ந்து சிக்னல் போய்விடும்.

ரிஜெக்டுக்கு என் ஓட்டு இன்னமும், குழாய்க்குள் மிதவை ஏறி இறங்கி அளவு காட்டுகிற ரோட்டாமீட்டருக்குத்தான். கடினத்தன்மை, சிலிக்கா எல்லாம் கெட்டியாகி வருகிற தண்ணீரில் குட்டிச் சக்கரம் ஓட்டுவது வீண் வேலை. ரோட்டாமீட்டரில் உப்புப் படிந்தால் கண்ணுக்கே தெரியும், கழற்றிக் கழுவலாம். ஸ்கேல் மட்டும் பார்த்து வாங்குங்கள்: அதன் பிழை பெரும்பாலும் ஃபுல் ஸ்கேலில் கணக்கு. 40 லிட்டர் ஸ்கேலில் 4 சதவீதம் என்றால் 1.6 லிட்டர், நீங்கள் படிப்பது 16 லிட்டர் என்றால் அதுவே 10 சதவீதம் ஆகிவிடுகிறது. மிதவை ஸ்கேலின் பாதிக்கு மேலே நிற்கிற மாதிரி எடுக்க வேண்டும். வெயில் படாத இடமாக இருக்கட்டும், பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டால் மிதவையே தெரியாது.

தண்ணீர் ஏடிஎம், கேன் நிரப்புகிற மெஷின் என்றால் மட்டும் அந்த மலிவு சென்சாரே போதும் என்பேன். அங்கே தேவை எண்ணிக்கை, போக்கு அல்ல. காலி 20 லிட்டர் கேனைத் தராசில் வைத்து, 9000 பல்ஸுக்கு எத்தனை கிலோ நிரம்புகிறது என்று பார்த்து நம்பரைத் திருத்திக்கொண்டால் வேலை முடிந்தது. வால்வு திறக்கும்போது பைப்பில் காற்று இருந்தால் சக்கரம் கன்னாபின்னாவென்று சுற்றும், கேன் குறையும், வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். தண்ணீர் கீழிருந்து மேலே போகிற மாதிரி சென்சாரை நிறுத்தி மாட்டினால் பைப் எப்போதும் நிறைந்தே இருக்கும்.

பேனல்காரரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: அந்த மலிவு சென்சாரின் 5 வோல்ட் பல்ஸைப் பிஎல்சி (பேனலில் இருக்கிற கன்ட்ரோலர்) எப்படி எண்ணுகிறது? நிமிடத்துக்கு 16.7 லிட்டரில் செகண்டுக்கு 125 பல்ஸ் வரும். பிஎல்சியின் சாதாரண இன்புட் 24 வோல்ட் கேட்கும், அதில் 10 மில்லி செகண்ட் ஃபில்டர் வேறு இருக்கும், பல்ஸ் எல்லாம் அதிலேயே செத்துவிடும். ஹை ஸ்பீடு கவுண்டர் இன்புட்டும் நடுவில், சிக்னலை ஒளி வழியாகக் கடத்துகிற ஒரு ஆப்டோகப்ளரும் வேண்டும், சிக்னல் ஒயர் ஷீல்டு போட்டதாக இருக்க வேண்டும், பம்பை ஆன் ஆஃப் செய்கிற கான்டாக்டரின் ஒயரோடு ஒரே டிரங்கிங்கில் (ஒயர் போகிற பெட்டிக் குழாய்) போகக் கூடாது. ஒரு பிளான்ட்டில் பம்ப் நின்ற பிறகும் நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடுவதாக டிஸ்பிளே காட்டிக்கொண்டிருந்தது. போட்டுக் கொடுத்தவர் சென்சார் பழுது என்று புதிதாக இன்னொன்றுக்குப் பில் போட்டார். ஒயரைத் தனியாகப் பிரித்து இழுத்ததும் பழைய சென்சாரே ஒழுங்காகப் பூஜ்யம் காட்டியது.