வந்தவாசிப் போரைத் தனியாக ஆடுவது: இரண்டு நாற்காலியா, சீட்டா, பகடையா?

பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் பழைய போர்களை ஆடுகிறவர்களுக்குத் தீராத குறை ஒன்று உண்டு: எதிரே உட்கார ஆள் கிடைப்பதில்லை. கேரம் என்றால் நாலு பேர் ஓடி வருவார்கள். 15 மில்லிமீட்டர் உயரச் சிப்பாய்களை ஸ்கேல் வைத்து அளந்து நகர்த்த, ஞாயிறு மதியம் மூன்று மணி நேரம் தருகிறவர் யார்? அதனால் நான் தனியாகத்தான் ஆடுகிறேன். இந்தத் தை மாதம் முழுக்க வந்தவாசிப் போரை மூன்று விதமாக ஆடிப் பார்த்தேன். மூன்றில் எது தேவலை என்பதுதான் பேச்சு.

முதலில் போரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1760 ஜனவரி 22. வந்தவாசிக் கோட்டை அப்போது ஆங்கிலேயர் கையில். அதை முற்றுகையிட்டிருந்த லாலியின் பிரெஞ்சுப் படையை விரட்ட ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் வருகிறார். கூட்டிடம் சுமார் 1,900 ஐரோப்பியர், 2,100 சிப்பாய்கள், 1,250 உள்நாட்டுக் குதிரைவீரர்கள். லாலியிடம் சுமார் 2,250 ஐரோப்பியர், 1,300 சிப்பாய்கள். கூடவே 3,000 மராத்தியக் குதிரைவீரர்கள், ஆனால் அவர்கள் சண்டைக்கே வரவில்லை. லாலி தானே குதிரைப்படையை நடத்திப் போய், பீரங்கிச் சூட்டில் திரும்பி வருகிறார். பிரெஞ்சு லொரேன் ரெஜிமென்ட் 12 பேர் அகலத்தில் நெருங்கிய அணியாகப் பாய்ந்து, கூட்டின் ரெஜிமென்ட்டிடம் அடி வாங்கிச் சிதறுகிறது. அந்த நேரம் பார்த்து, பிரெஞ்சு இடப்பக்கம் குளக்கரையில் நின்ற வெடிமருந்து வண்டி ஒன்று குண்டடி பட்டு வெடிக்கிறது. அங்கே ஆங்கிலேயர் ஏற, மீட்கப் போன பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்படுகிறார். ஓராண்டில் புதுச்சேரியும் விழுந்தது.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். சிக்கலே அதுதான். வண்டி வெடிக்கும் என்று தெரிந்தவன் அந்தக் கரையில் ஆளை நிறுத்துவானா?

இரண்டு நாற்காலி முறையில் எந்த ஏற்பாடும் வேண்டாம். இந்தப் பக்கம் உட்கார்ந்தால் கூட், எழுந்து அந்தப் பக்கம் போனால் லாலி. எந்த விதிப் புத்தகத்தையும் அப்படியே வைத்து ஆடலாம். விதிகளைப் பழகவும், மேசையில் படை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்க்கவும் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இரண்டாம் ஆட்டத்திலேயே என் லாலி புத்திசாலி ஆகிவிட்டார். வண்டியைக் கரைக்குப் பின்னால் தள்ளி வைத்தார், லொரேன் ரெஜிமென்ட்டை வரிசையாகவே நிறுத்தினார், குதிரைப்படையைத் தொடவே இல்லை. ஆறு சுற்று முடிந்தும் இரு தரப்பும் தூரத்தில் நின்று சுட்டுக்கொண்டிருந்தன. நிஜ லாலிக்கு இருந்த அவசரத்தில் பத்தில் ஒரு பங்குகூட அந்த மேசையில் இல்லை. சொந்தக் கையோடு சீட்டாடுவதும் இதுவும் ஒன்று.

சீட்டு முறையில் ஒவ்வொரு தளபதிக்கும் ஒரு சீட்டு. கூட், ஆங்கிலேய மேஜர் பிரெரெட்டன், ஆங்கிலேயப் பீரங்கி, லாலி, புஸ்ஸி, லொரேன், குளக்கரையில் நின்ற பிரெஞ்சு மாலுமிகள், இரு தரப்புச் சிப்பாய்கள் என்றெல்லாம் எழுதிப் பத்து சீட்டு சேர்த்தேன். அதோடு டீ இடைவேளை என்று எழுதிய இரண்டு டீ சீட்டு. கலைத்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். யார் பெயர் வருகிறதோ அந்தப் படை மட்டும் நகரும். இரண்டாவது டீ சீட்டு வந்ததும் சுற்று முடிந்தது. வராதவர்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். கணக்குப் போட்டால், சராசரியாகச் சுற்றுக்கு மூன்றில் ஒரு பங்குச் சீட்டுகள் கட்டிலேயே தங்கிவிடும்.

வந்தவாசிக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. அன்றைக்கு லாலி முன்னேறச் சொல்லியும் அவருடைய சிப்பாய்கள் அசையவில்லை. அதற்கென்று தனி விதி எழுத வேண்டாம், சீட்டு வராவிட்டால் அதுவே நடந்துவிடும். ஒரு ஆட்டத்தில் லொரேன் அணி ஆங்கிலேய வரிசைக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றது. தொடர்ந்து இரண்டு சுற்று அதன் சீட்டு வரவில்லை, கூட்டின் சீட்டு இரண்டு முறையும் வந்தது. என்ன ஆகும் என்று தெரிந்தே ஒவ்வொரு சீட்டாகத் திருப்பிக்கொண்டிருந்தேன், உள்ளங்கை வியர்த்துவிட்டது. எனக்கு நானே எதிரி என்பது அப்போது நினைவிலேயே இல்லை.

வெடிமருந்து வண்டிக்கும் வழி வைத்தேன். குளக்கரையை நோக்கிப் பீரங்கி சுடும்போதெல்லாம் இரண்டு பகடை. இரண்டிலும் ஆறு விழுந்தால் வெடி. ஒரு சூட்டுக்கு 36-இல் ஒரு வாய்ப்புதான். 12 முறை சுட்டால் பத்து ஆட்டத்தில் ஏறக்குறைய மூன்றில் வெடிக்கும். வெடித்தே தீர வேண்டும் என்று விதி எழுதினால் அது நாடகம், போர் இல்லை. (ஒரு எச்சரிக்கை: லாலியின் சொந்த ரெஜிமென்ட் அயர்லாந்துப் படை, அதற்கும் சிவப்புச் சட்டை. அரை வெளிச்சத்தில் நான் அதைத் தூக்கி ஆங்கிலேயர் பக்கம் வைத்து ஒரு சுற்று ஆடியிருக்கிறேன்.)

மூன்றாவது பகடை முறை. ஒரு தரப்பை நீங்கள் ஆடுவீர்கள். மறு தரப்புக்கு அட்டவணை போட்டு, பகடை சொல்வதைச் செய்வீர்கள். 1, 2 விழுந்தால் நில். 3, 4 என்றால் சுட்டுக்கொண்டே முன்னேறு. 5, 6 என்றால் பாய். யார் கையில் எந்தத் தளபதி என்பதில்தான் இங்கே பலரும் சறுக்குகிறார்கள். ஆவேசக்காரர் லாலியைத்தான் பகடைக்குக் கொடுக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் கொடுத்தேன். அவர் முதல் சுற்றில் பாய்ந்தார், அடுத்த சுற்றில் நின்றார், மூன்றாவதில் பாதி வழியில் மறுபடி நின்றார். அவசரக்காரருக்கும் மனதில் ஒரு கணக்கு இருக்கும், பகடைக்கு அது கிடையாது. கூட்டைக் கொடுத்துப் பாருங்கள், சரியாக வரும். இடம் பார்த்து நின்று, எதிரி கிட்டே வந்த பிறகு சுடுகிற ஆள் அவர். அந்த நிதானத்தை அட்டவணையில் எழுதிவிடலாம். லாலியின் தலைவலியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அட்டவணையைச் சரிபார்த்தே மாலை போய்விடுகிறது, அதனால் இதற்கு என்னிடம் இரண்டாம் இடம்தான்.

என் கை இப்போது சீட்டுக்கட்டுக்குத்தான் போகிறது. பகடை முறையிலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். மராத்தியருக்கும் பதினோராவதாக ஒரு சீட்டு. அது வரும்போது ஒரு பகடை. ஆறு விழுந்தால் மட்டும் களத்துக்கு வருவார்கள். நாலு ஆட்டம் வரை ஆறு விழவே இல்லை. போன ஞாயிறு மூன்றாம் சுற்றில் விழுந்தது. அலமாரியைத் திறந்தால் மராத்தியக் குதிரைகள் இன்னும் சாம்பல் நிற ப்ரைமரோடு நிற்கின்றன. வரவே மாட்டார்கள் என்று நானும் வண்ணம் பூசாமல் விட்டிருக்கிறேன்.